வாட்ச் கேஸுக்கு நிறம் ஏற்றினேன், முழு விலை கேட்கிறார்

கேள்வி: டைட்டானியம் பாகங்களுக்கு வீட்டிலேயே அனோடைசிங் செய்து, அதாவது மின்சாரம் செலுத்தி மேலே மெல்லிய ஆக்சைடு படலம் வளர்த்து, நிறம் ஏற்றித் தருகிறேன். நண்பரின் நண்பர் தன் வாட்ச் கேஸை (இயந்திரத்தை மூடியிருக்கும் உலோகக் கூட்டை) தந்து நீலம் கேட்டார். வாங்கும்போது பாராட்டியவர், இப்போது ஓரங்களில் நிறம் போய்விட்டது, கேஸில் இருந்த மெல்லிய கோடுகளும் காணோம் என்று வாட்சின் முழு விலையைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். எல்லோரிடமும் என்னை ஏமாற்றுக்காரன் என்கிறார். நான் வாங்கிய கூலியோ சொற்பம். "ஆசிட்ல கொஞ்ச நேரம் கூட விட்டுட்டேன், அதான் பளபளன்னு இருக்கு" என்று அப்போதே ஒளிக்காமல் செய்தி அனுப்பியவன் நான். கேஸை வாங்கி மறுபடி செய்து கொடுத்துவிடட்டுமா?

பதில்: வேண்டாம். கேஸ் அவரிடமே இருக்கட்டும்.

அவர் பாராட்டியது, திட்டியது, கூலி குறைவு என்பதெல்லாம் வழக்கில் நிற்காது. கூலி குறைந்தால் பொறுப்பு குறையாது. அவதூறு வழக்குப் போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது உங்கள் செய்தியைத்தான்.

நிறம் போனதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது. அது பூசிய சாயம் அல்ல. மின்னழுத்தத்துக்கு ஏற்பத் தடிக்கும் ஆக்சைடு படலம். 30 வோல்ட்டை ஒட்டி நீலம் காட்டும். சில பத்து நானோமீட்டர் படலம் சட்டைக்கை உரசினால் தேயத்தான் செய்யும். "நிறம் போகவே போகாது" என்று நீங்கள் சொல்லியிருக்காதவரை இந்த வாதம் நிற்கும்.

சிக்கல் கோடுகளில் இருக்கிறது. அனோடைசிங் அந்தக் கோடுகளை அழிக்காது, அதற்கு முன் போட்ட அமிலம் அழிக்கும். அமிலம் உலோகத்தையே தின்கிறது. அடுத்தவர் பொருளை வேலைக்கு வாங்கி வைத்தவர், அது கையில் இருக்கும்போது சேதமானால், தான் கவனமாக இருந்ததைத் தானே நிரூபிக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான இடங்களில் சட்டம். நீங்களோ கூடுதல் நேரம் விட்டதை எழுதியே கொடுத்துவிட்டீர்கள். நல்ல மனதோடு எழுதியதுதான், சந்தேகமில்லை. சாட்சியமாகப் படிக்கும்போது அது ஒப்புதல்.

இப்படி வருகிற கட்சிக்காரர்களில் பலரைக் கவிழ்ப்பது இரண்டாவது வேலைதான். நீலத்தை எடுக்க மறுபடி அமிலம், இல்லையென்றால் தேய்ப்பு. எதுவானாலும் உலோகம் இன்னும் குறையும். பின்மூடியின் ரப்பர் வளையம் உட்காரும் விளிம்பு ஒரு துளி குறைந்தாலும் தண்ணீர் உள்ளே போகும். இன்று கேஸின் தோற்றத்துக்குக் கேட்பவர் நாளை உள்ளிருக்கும் இயந்திரத்துக்கும் சேர்த்துக் கேட்பார், அப்போது மறுக்க வழியிருக்காது. அதைவிட மோசம், நோட்டீஸ் வந்தபின் பொருளை மாற்றியவர் ஆதாரத்தை அழித்தார் என்று எதிர்த்தரப்பு சொல்லும். முதல் தடவை எவ்வளவு சேதம், இரண்டாம் தடவை எவ்வளவு என்று அதன்பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மொத்தமும் உங்கள் தலையில் விழும். செய்திகளை அழிப்பதும் இதே கதைதான். அப்புறம், போன் போட்டு மன்னிப்புக் கேட்காதீர்கள், பதிவு செய்வார்.

வீட்டுக் காப்பீட்டை நம்பியிருந்தால் பாலிசியைப் படித்துப் பாருங்கள். கூலிக்குச் செய்யும் வேலையைப் பெரும்பாலும் சேர்த்திருக்க மாட்டார்கள்.

நேராகச் சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். ஆனால் முழு வாட்சுக்கு இல்லை. ஓடுகிற வாட்சுக்கு நஷ்டம் என்பது கேஸ் மாற்றும் செலவு அல்லது குறைந்துபோன மதிப்பு, அவ்வளவுதான். கேஸ் மாற்ற என்ன ஆகும் என்று வாட்ச் பழுது பார்ப்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகையோடு கூலியையும் திருப்பித் தருவதாக, "உரிமைகளுக்குப் பாதிப்பின்றி" என்ற தலைப்போடு (சமாதானப் பேச்சை ஒப்புதலாகக் காட்டக்கூடாது என்பதற்காக), உங்கள் வக்கீல் மூலம் எழுதுங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, அவதூறாகவும் பேசமாட்டேன்" என்று அவர் கையெழுத்திட்ட பிறகே பணம் கைமாற வேண்டும். நோட்டீஸில் உள்ள கெடு முடிவதற்குள் பதில் போய்விட வேண்டும்.