பிளைவுட் படகு – கடிதம்

வணக்கம். எல்லா இனங்களும் இன்று 'வேர்களுக்குத் திரும்புகிறோம்' என்கின்றன. கைவிட்டுப் போனதை யாரிடமோ கேட்டு மறுபடி செய்தால் அது வேஷம்தானே? நடுவில் அறுந்ததை மரபு என்று எப்படிச் சொல்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேஷமாகப் போனவை நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது ஹோகூலேயா என்ற படகு.

ஹவாய்த் தீவுகளுக்கு முதலில் வந்தவர்கள் கருவி எதுவும் இல்லாமல், நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்து பசிபிக்கைக் கடந்தவர்கள். 20ஆம் நூற்றாண்டில் அந்த வித்தை தெரிந்தவர் ஹவாயில் யாருமில்லை. அவர்கள் வழி தெரிந்து வரவில்லை, காற்று அடித்துக்கொண்டுபோய் ஒதுக்கியதுதான் என்று அறிஞர்களே வாதிடும் அளவுக்கு மறதி. 1975இல் பழைய வடிவத்தில் இந்த இரட்டைப் படகைக் கட்டினார்கள். எதைக்கொண்டு? பிளைவுட், ஃபைபர்கிளாஸ். சரி, உங்கள் கட்சிக்கு ஒரு புள்ளி.

வழி காட்ட மேற்கு பசிபிக்கில் இருக்கும் மைக்ரோனேசியாவின் சத்தவால் என்ற குட்டித் தீவிலிருந்து மாவ் பியாய்லுக் வந்தார். மொழி வேறு, இனமும் வேறு. போகவேண்டியது தென் பசிபிக்கிலுள்ள தாஹிட்டித் தீவுக்கு. அந்தப் பாதையில் அவர் அதற்குமுன் போனதே இல்லை. 1976இல் சுமார் ஒரு மாதத்தில் தாஹிட்டியில் கொண்டு சேர்த்துவிட்டார். சொந்த வீட்டில் தொலைந்தது பங்காளி வீட்டுப் பரணில் கிடைத்த கதைதான். கடல் வேஷத்துக்கு மசியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நைநோவா தாம்சன் என்ற ஹவாய் இளைஞர் கோளரங்கத்தில் உட்கார்ந்து நட்சத்திரங்கள் எழுவதையும் மறைவதையும் படித்தார். தொடுவானத்தை 32 வீடுகளாகப் பிரித்துத் தனக்கென ஒரு திசைமானி வகுத்துக்கொண்டார். அவர் முன்னோர் இப்படித்தான் பிரித்தார்களா? அப்படிச் சொல்ல முடியாது. மாவ் அவரிடம் தாஹிட்டி எந்தப் பக்கம் என்று கேட்டார். கை காட்டினார். தீவு தெரிகிறதா என்றார். கண்ணுக்குத் தெரியவில்லை, மனதில் தெரிகிறது என்றார் இவர். அந்தப் பிம்பத்தை மட்டும் தொலைத்துவிடாதே என்றாராம் கிழவர். 1980இல் நைநோவா தாஹிட்டி போய்த் திரும்பினார்.

மாவ் அந்நியர்களுக்குக் கற்றுக்கொடுத்தது சொந்த ஊரில் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அங்கே இளைஞர்கள் கற்க வரவில்லையே, அவர் என்ன செய்வார்? 2007இல் ஹவாய்க்காரர்கள் ஒரு படகு கட்டி, அதைச் சத்தவாலுக்கே ஓட்டிவந்து அவரிடம் கொடுத்தார்கள். அரை நூற்றாண்டாக அந்தத் தீவில் நடக்காதிருந்த மாலுமிப் பட்டச் சடங்கு அப்போதுதான் மறுபடி நடந்தது. பட்டம் பெற்றவர்களில் ஹவாய்க்காரர்கள் ஐந்து பேர். மாவின் மகனும் ஒருவர்.