ஒருநாள் மட்டும் சிவப்பாகப் போனது, விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. போன மாதம் ஒருநாள் காலையில் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலியோ எரிச்சலோ காய்ச்சலோ இல்லை. இரண்டு முறை அப்படிப் போய்விட்டு, மதியத்துக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. உடம்புச் சூடாக இருக்கும், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்கிறார் என் மனைவி. அதிலிருந்து தினமும் சிறுநீரை உற்றுப் பார்க்கிறேன். சில நாள் கலங்கலாக இருக்கிறது, சில நாள் நுரைக்கிறது. எதற்குப் பயப்பட வேண்டும்? முன்பு இருபது வருடம் சிகரெட் பிடித்தேன், விட்டுப் பத்து வருடம் ஆகிறது.

பதில்: நுரையையும் கலங்கலையும் பிறகு பார்ப்போம். முதலில் அந்தச் சிவப்பு. அதற்காக இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். வலி இல்லை, தானாக நின்றுவிட்டது என்று இரண்டு ஆறுதல்களைச் சொல்லியிருக்கிறீர்கள். என்னைக் கவலைப்பட வைப்பதே அந்த இரண்டும்தான்.

காரணத்தைச் சொல்கிறேன். சிறுநீரில் கிருமித்தொற்று வந்து ரத்தம் போனால் பெரும்பாலும் எரியும், அடிக்கடி முட்டும். கல் நகர்ந்து ரத்தம் வந்தால் விலாவிலிருந்து அடிவயிறுவரை வலி இழுக்கும். சிறுநீர்ப்பையின் உள்சுவரில் கட்டி வளர்ந்தால் தொடக்கத்தில் இப்படி எதுவும் இருக்காது. ஒருநாள் கசியும், பிறகு வாரக்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூடச் சும்மா இருக்கும். சரியாகிவிட்டது என்று நினைத்து நாமும் மறந்துவிடுவோம். சிகரெட் புகையிலுள்ள நச்சுகள் ரத்தம் வழியாகச் சிறுநீருக்கு வந்து, பையில் மணிக்கணக்கில் தங்குகின்றன. விட்டது மிக நல்ல காரியம். ஆபத்து குறைந்திருக்கும், ஆனால் முழுதாகப் போயிருக்காது.

பயப்படாதீர்கள். சிறுநீரில் ரத்தம் போகிற பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆண்களுக்கு இந்த வயதில், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பி வீங்குவதாலும் இப்படி ஆகும். அப்படியே கட்டி இருந்தாலும், தசைக்குள் இறங்குவதற்கு முன் பிடித்துவிட்டால், வயிற்றைத் திறக்காமல் சிறுநீர் வரும் வழியாகவே சுரண்டி எடுத்துவிட முடியும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

ஒரு லிட்டர் சிறுநீரில் ஒரு மில்லி ரத்தம் கலந்தாலே நிறம் மாறிவிடும். ஆக, நிறத்தை வைத்து எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போட முடியாது. நிறையத் தண்ணீர் குடித்து நிறம் வெளுத்தால் ரத்தம் நின்றுவிட்டது என்றும் ஆகாது, நீர்த்துப்போயிருக்கும், அவ்வளவுதான்.

முந்தின நாள் பீட்ரூட் சாப்பிட்டீர்களா? சிலருக்கு அதனாலும் சிவக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மாத்திரையால் ஆரஞ்சு கலந்த சிவப்பாகும். அது எதிர்பார்த்ததுதான், அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பி வைட்டமின் மாத்திரை போட்டால் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், அதனால்தான் சிவந்தது என்று தாங்களே முடிவுகட்டிவிடுகிறார்கள். அவர்களும் காட்டியே ஆக வேண்டும்.

மருத்துவர் முதலில் சிறுநீரை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்வார், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் என்ற கழிவை ரத்தத்தில் பார்ப்பார், ஸ்கேன் எடுப்பார். சிறிய கட்டி ஸ்கேனில் தப்பிவிடலாம். அதனால் உங்கள் வயதுக்கும் புகைப்பழக்கத்துக்கும் சிஸ்டோஸ்கோப்பி செய்யச் சொல்லி சிறுநீர்ப்பாதை நிபுணரான யூராலஜிஸ்டிடம் அனுப்புவது வழக்கம். கேமரா வைத்த மெல்லிய குழாயை மரத்துப்போகும் ஜெல் தடவி உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. கூச்சமாக இருக்கும், தெரியும். அந்தக் கூச்சத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள். மறுபடி சிவப்பாகப் போனால் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நீங்கள் போகும் நாளில் சிறுநீர் தெளிவாக இருந்தாலும் மருத்துவருக்கு அந்தப் படம் உதவும்.

கலங்கல், எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமல் எப்போதாவது வந்தால் பெரும்பாலும் பாஸ்பேட் உப்புதான், சாப்பிட்ட பிறகு அப்படி ஆவது உண்டு. எரிச்சலும் கெட்ட வாடையும் சேர்ந்தால் தொற்றாக இருக்கலாம். குளிர்காய்ச்சலும் முதுகுப்பக்க வலியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகம்வரை போயிருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும்.

நுரை விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். வேகமாகப் போனால் யாருக்கும் நுரைக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். தினமும் அடங்காமல் நிற்கிறது, காலையில் கண் இமை உப்புகிறது, கணுக்கால் வீங்குகிறது என்றால் புரதம் வெளியேறுகிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை நோயோ ரத்தக்கொதிப்போ இருப்பவர்கள் நுரைக்காகக் காத்திருக்கவே வேண்டாம். தொடக்கத்தில் கொஞ்சமாகக் கசியும் அல்புமின் என்ற புரதத்துக்கு நுரை வராது. வருடம் ஒருமுறை சிறுநீரில் அல்புமின் கிரியாட்டினின் விகிதம் பார்ப்பதுதான் வழி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மற்ற வாசகர்களுக்கு உதவும். வெயிலில் அலைந்து தண்ணீர் குடிக்காத நாளில் அடர்மஞ்சளாகப் போவது, குடித்ததும் மாறிவிடும். கடும் டீ டிகாஷன் நிறம் வேறு. கண் மஞ்சளாகி மலம் வெளுத்திருந்தால் கல்லீரல் அல்லது பித்தக்குழாய்ப் பிரச்சினை. பழக்கமில்லாத கடும் உடற்பயிற்சிக்குப் பிறகு தசை கடுத்து, இந்த நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொண்டை வலி வந்து ஓரிரு வாரம் கழித்துக் குழந்தையின் முகம் உப்பி இப்படிப் போனாலும் தாமதிக்காதீர்கள். ரத்தம் கட்டிகட்டியாக வந்து சிறுநீர் அடைத்துக்கொண்டால் நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டியதுதான்.

சரி, பரிசோதனைக்குக் கொடுக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள். ரிப்போர்ட் நார்மல் என்று வந்தாலும், அன்று காலை சிவப்பாகப் போனதையும் அந்த இருபது வருட சிகரெட்டையும் மருத்துவரிடம் சொல்லாமல் திரும்பி வராதீர்கள்.