படித்து முடித்து வரும் பிள்ளைகளை வேலைக்குப் பழக்குவது எப்படி? குமரி வாசகர்களின் கேள்விகள்

கோணம் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகம் செய்கிறோம். மொத்தம் 18 பேர். புதிதாக எடுத்த மூன்று இன்ஜினியரிங் பட்டதாரிகளுக்கு இரண்டு வாரம் வகுப்பு நடத்தினோம். மிஷின் பக்கம் விட்டால் முழிக்கிறார்கள். பாடத்தை மாற்றணுமா?

பாடம் இருக்கட்டும், வரிசையை மாற்றுங்கள். நாலு வருஷம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்களை மறுபடியும் உட்கார வைத்திருக்கிறீர்கள். படித்ததைத் திரும்ப எடுத்துப் பார்க்காவிட்டால் சில நாளிலேயே பெரும்பகுதி மறந்துபோகும் என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-லேயே எழுதிவிட்டார்.

முதல் நாளே உங்கள் ரிஜெக்ட் பெட்டியை அவர்கள் முன்னால் கொட்டுங்கள். எது வேகாதது, எதில் காற்றுக் குமிழி, எதில் பிசிறு என்று பிரிக்கச் சொல்லுங்கள். வேகாத பீஸைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் பையனுக்கு க்யூரிங் (ரப்பரை வேகவைப்பது) வெப்பம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று தானாகவே கேட்கத் தோன்றும். அப்போது அரை மணி நேரம் பாடம் எடுங்கள், மனதில் நிற்கும். அடுத்து ஷோர் மீட்டரைக் கொடுத்துக் கடினத்தன்மை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்குள் ஆளுக்கொரு சின்னப் பொறுப்பு, ஓர் அச்சோ ஒரு ஷிப்டின் ரிஜெக்ட் கணக்கோ, அவரவர் பெயரில் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு வகுப்பு மட்டும் இதற்கெல்லாம் முன்னால். சூடும் அழுத்தமும் உள்ள பிரஸ்ஸை அவர்கள் தனியாகத் தொடவே கூடாது.

எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் நல்ல வேலைக்காரர். ஆனால் புதுப் பிள்ளைகளுக்கு எதையும் சொல்லித்தர மாட்டேன் என்கிறார். (தக்கலை)

அவர் இடத்தில் நின்று பாருங்கள். சொல்லிக்கொடுத்த பையன் நாளைக்குத் தனக்கு மேலே உட்காருவான் என்ற பயம் ஒருபக்கம். நின்று சொல்லிக்கொடுத்தால் அன்றைய உற்பத்தி குறையும், அதற்கும் அவரைத்தான் கேட்பீர்கள். சொல்லித்தரும் நாளில் அவருடைய இலக்கைக் குறையுங்கள். அந்தப் பொறுப்புக்கென்று சம்பளத்தில் ஒரு தொகை சேருங்கள். வெறும் பாராட்டு போதாது. அவருடைய இடம் பறிபோகாது என்பதை முதலாளியே நேரில் சொல்ல வேண்டும்.

பழக்கிவிட்டால் ஒரு வருஷத்தில் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்குப் போய்விடுகிறார்கள். பாண்ட் எழுதி, ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் வாங்கி வைத்தால் என்ன? (மார்த்தாண்டம், மென்பொருள் அலுவலகம்)

சர்டிபிகேட்டில் கை வைக்காதீர்கள். கல்லூரிகள் பிடித்து வைத்த வழக்குகளில், அது அடகுப் பொருள் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள், இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் ஒரே சொத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு அவரிடம் விசுவாசம் எதிர்பார்ப்பது அநியாயம்.

பாண்ட் வேறு விஷயம். மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் பார்த்து நீங்களும் பெரிய தொகை எழுதிவிட வேண்டாம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே. பயிற்சிக்கு உண்மையில் செலவழித்ததற்குக் கணக்கு வைத்திருங்கள்.

ஆனால் பாண்ட் ஆளைத்தான் நிறுத்தும், மனதை நிறுத்தாது. குழித்துறையில் ரயில் ஏறினால் திருவனந்தபுரம், சம்பளத்தில் நீங்கள் போட்டி போட முடியாது. பெரிய கம்பெனியில் புது ஆளுக்கு வேலையின் ஒரு மூலைதான் கிடைக்கும். உங்களிடம் வாடிக்கையாளரோடு பேசுவதிலிருந்து வேலையை ஒப்படைப்பது வரை முழுதாகப் பார்க்கலாம். அதைத் திட்டமிட்டுக் கொடுங்கள். இரண்டாம் வருஷம் என்ன வேலை, என்ன சம்பளம் என்பதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் கொடுங்கள். அதன் பிறகும் சிலர் போவார்கள். நல்லபடியாக அனுப்பி வையுங்கள், அவர்கள்தான் அடுத்த பேட்ச் பிள்ளைகளிடம் உங்களைப் பற்றிப் பேசப்போகிறவர்கள்.

நாகர்கோவிலில் வேலை. பயிற்சி ஆறு மணிக்கு மேல்தான் வைக்கிறார்கள். குலசேகரத்துக்குப் பஸ் பிடித்து வீடு சேரும்போது இருட்டிவிடுகிறது, வீட்டில் சண்டை.

பயிற்சியும் வேலைதான், அதை வேலை நேரத்தில்தான் வைக்க வேண்டும். அதே நிலையில் உள்ள தோழிகளையும் சேர்த்துக்கொண்டு, காலையில் ஒரு மணி நேரம் கேளுங்கள். முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை: கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டிருப்பவர் காதில் எந்தப் பாடமும் ஏறாது.

பயிற்சி முடிவில் கருத்துப் படிவம் வாங்குகிறோம். எல்லாரும் ‘மிக நன்று’ என்றே எழுதுகிறார்கள்.

முதலாளி முன்னால் வேறென்ன எழுதுவார்கள்? அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியை மதிப்பிடுவதை நாலு படியாகப் பிரித்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. உங்கள் படிவம் முதல் படியிலேயே நிற்கிறது. மூன்று மாதம் கழித்து, யார் துணையும் இல்லாமல் அவர் எந்த வேலையைச் செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

பட்டதாரி அப்ரண்டிஸ் எடுக்க அரசு பணம் தருமா?

தரும். தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. 2019 விதித் திருத்தம் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தது. ஒப்பந்தம் போடும் நாளில் திட்டத்தின் இணையதளத்தில் உள்ள தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கு அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை என்றால் விருப்பம். ஆக, 18 பேர் வைத்திருக்கும் கோணம் நண்பரும் விண்ணப்பிக்கலாம்.