தங்கச்சி சொன்னதை அம்மாகிட்ட சொல்லணுமா?

வேளச்சேரியிலேருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. ப்ளஸ் ஒன் படிக்கிற 16 வயசு தங்கச்சி, மொட்டை மாடியில காஞ்ச துணி எடுக்கப் போன இடத்துல, "எனக்கு பொண்ணுங்களத்தான் பிடிக்குதுன்னு நெனைக்கிறேன், ஆனா கன்ஃபார்மா தெரியலக்கா"ன்னு சொல்லி அழுதிருக்கா. இது வயசுக் கோளாறா, டாக்டர்கிட்ட காட்டணுமா, அம்மாகிட்ட மறைக்கிறது தப்பான்னு கேக்குறாங்க.

அந்த "கன்ஃபார்மா தெரியல"ங்கிறத புடிச்சுக்கிட்டு "அப்போ ஒண்ணுமில்ல விடு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நம்ம ஊர்ல ரெண்டு பொண்ணுங்க கைகோத்துட்டு நடந்தாலும், ஒரே ஸ்கூட்டியில போனாலும், கம்பைண்ட் ஸ்டடின்னு ராத்திரி தங்கினாலும் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, அதே பொண்ணு பஸ் ஸ்டாப்ல ஒரு பையன்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசினா அவ வீட்டுக்கு வர்றதுக்குள்ள நியூஸ் வந்துரும். அதனால நெருக்கத்துக்கு தடை இல்ல, ஆனா அந்த நெருக்கத்துக்கு ஒரு பேர் இருக்குன்னு யாரும் சொல்லித் தரல. ஃப்ரெண்டு டியூஷன் பையனப் பத்தி பேச ஆரம்பிக்கும்போது தனக்கு மட்டும் ஏன் வயிறு எரியுதுன்னு புரியாம அந்தப் பொண்ணு மாசக்கணக்குல தனியா முழிச்சிருப்பா. தன்பாலீர்ப்புங்கிற வார்த்தையே வீட்ல காதுல விழுந்திருக்காது, விழுந்திருந்தாலும் திட்டாவோ கிண்டலாவோதான் விழுந்திருக்கும்.

ஒருத்தர் தன்னோட தன்பாலீர்ப்பப் புரிஞ்சுக்கிட்டு ஏத்துக்கிறது எப்படின்னு ஆஸ்திரேலிய உளவியலாளர் விவியன் காஸ் 1979ல ஆறு கட்டமா விளக்கினாங்க, குழப்பத்துல ஆரம்பிச்சு, நான் மத்தவங்க மாதிரி இல்லையோன்னு ஒப்பிட்டுப் பாத்து, சகிச்சுக்கிட்டு, ஏத்துக்கிட்டு, பெருமைப்பட்டு, கடைசியா இதுவும் என்னோட ஒரு பகுதின்னு நிம்மதியாகிறது வரைக்கும். உங்க தங்கச்சி முதல் ரெண்டு படியில நிக்கிறான்னு சொல்லலாம். ஆனா எல்லாரும் இந்தப் படியில வரிசையா ஏற மாட்டாங்க, முன்னப் பின்னப் போவாங்க, அதுலயும் பொண்ணுங்களுக்கு இது ரொம்பவே வளைஞ்சு நெளிஞ்சு போகும். அமெரிக்காவுல லிசா டயமண்ட்ங்கிற உளவியலாளர், ஆண்கள மட்டும் விரும்புறவங்கன்னு தங்களச் சொல்லிக்காத 79 பெண்கள பத்து வருஷம் தொடர்ந்து கவனிச்சு 2008ல எழுதினாங்க, அதுல மூணுல ரெண்டு பங்கு பேர் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்புன்னு தங்களுக்கு வச்சிருந்த பேரை ஒரு தடவையாவது மாத்தியிருந்தாங்க.

பாருங்க மாறிடுதுல்லன்னு இத வச்சே நெறைய பேர் வாதம் பண்றாங்க, அது தப்பு. தானா மாறலாம்ங்கிறது வேற, நாம மாத்தலாம்ங்கிறது வேற. டயமண்டே இத அழுத்தமா சொல்லியிருக்காங்க. அவளுக்கு நாளைக்கு வேற பேர் பொருத்தமா தோணினா அவளே சொல்லட்டும், இன்னைக்கு அவ மனசுல இருக்கிறது நெஜம்.

டாக்டர்கிட்ட "சரி பண்ண" கூட்டிட்டுப் போக வேண்டாம், ஏன்னா சரி பண்ண இதுல ஒண்ணும் இல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973லயும் உலக சுகாதார நிறுவனம் 1990லயும் நோய்ப் பட்டியல்லேருந்து இத எடுத்தாச்சு. 2021ல மதுரையிலேருந்து சென்னைக்கு வந்த ரெண்டு பெண்களோட கேஸ்ல நம்ம ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதுல புரிதல் போதலன்னு ஒரு உளவியலாளர்கிட்ட உக்காந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம்தான் இப்படி மாத்துற "சிகிச்சை"யைத் தடை பண்ணார். தேசிய மருத்துவ ஆணையமும் 2022ல இத தொழில்முறைத் தவறுன்னு சொல்லிடுச்சு. யாராவது மாத்திடலாம்னு சொன்னா எழுந்து வந்துருங்க. தூக்கம் போச்சு, சாப்பிடல, படிப்புல மனசு இல்ல, சாகணும்னு பேசுறான்னா அதுக்கு மட்டும் கண்டிப்பா உதவி தேடுங்க, 14416 டெலிமானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண்ல தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

அம்மா விஷயம். இது அவளோட செய்தி, எப்போ யார்கிட்ட சொல்லணும்னு அவதான் முடிவு பண்ணணும், நீங்க சொல்லாம இருக்கிறது துரோகம் இல்ல. அமெரிக்க ஆய்வாளர் கேட்லின் ரயானோட 2009 ஆய்வுல, தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ள இளைஞர்கள்ல வீட்ல கடுமையா ஒதுக்கப்பட்டவங்க, ஒதுக்கப்படாத, இல்ல கொஞ்சமா மட்டும் ஒதுக்கப்பட்டவங்கள விட 8.4 மடங்கு அதிகமா தற்கொலைக்கு முயற்சி பண்ணியிருந்தாங்க. அதனால ஃபோனப் புடுங்கிட்டு ஸ்கூல மாத்துற மாதிரி வீடா, கத்திட்டு ரெண்டு நாள்ல சமாதானம் ஆகுற வீடான்னு நீங்க ரெண்டு பேரும் சேந்து யோசிங்க, உங்க அம்மாவ உங்களுக்குத்தான் தெரியும். அவளோட உயிருக்கு ஆபத்துன்னு தோணினா மட்டும் ரகசியம் ரெண்டாம் பட்சம், அப்போ நம்பகமான ஒரு பெரியவங்கள கூப்பிடுங்க, ஆனா அதையும் அவகிட்ட சொல்லிட்டே செய்ங்க.

உங்களுக்கு அலையன்ஸ் பாக்குற நேரத்துல இது வெளிய வந்துருமோன்னு பயமா இருக்குன்னு கடைசி வரியில எழுதியிருந்தீங்க. அந்தப் பயம் நியாயம்தான், அதுக்காக உங்கள நீங்களே திட்டிக்காதீங்க, ஆனா அத தங்கச்சி தலையில எறக்காம, பேர் சொல்லாம ஒரு கவுன்சிலர்கிட்ட நீங்க தனியா பேசுங்க. அவகிட்ட இன்னைக்கு ராத்திரி, "அன்னைக்கு நீ என்கிட்ட சொன்னது நல்லதுடி, அவசரமே இல்ல, எப்போ தோணுதோ பேசு"ன்னு சொன்னா போதும்.