கையெழுத்துதான் போட்டாச்சே, அப்புறம் என்ன?

சிங்கப்பூரில் மகளிர் நோய்ப் பிரிவில் 27 வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அமெரிக்கக் குடிநுழைவுத் தடுப்புக்காவலில் இருந்த பெண்களுக்குத் தரப்பட்ட சிகிச்சை பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

தேவி, ஈசூன்: அங்கே கூட்டமாகப் பெண்களின் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்களாமே, நிஜமா அக்கா?

கூட்டமாக எடுத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை தேவி. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் ஒசில்லா என்ற சின்ன ஊரில், இர்வின் கவுண்டி தடுப்புக்காவல் நிலையத்தை ஒரு தனியார் நிறுவனம் நடத்தி வந்தது. அங்கே வேலை பார்த்த தாதி டான் வூட்டன் சொன்னதை வைத்து 2020 செப்டம்பரில் சில அமைப்புகள் புகார் கொடுத்தன. கர்ப்பப்பைச் செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் துணைக்குழு ஒன்று 18 மாதம் விசாரித்து 2022 நவம்பரில் அறிக்கை தந்தது. பதிவுகளில் இருந்த கர்ப்பப்பை நீக்கங்கள் இரண்டுதான், இரண்டும் தேவைப்பட்டவையாகவே தெரிந்தன.

அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது. அந்த நிலையத்திலிருந்து பெண்களை அனுப்பிவைத்த வெளி மருத்துவர் அளவு மீறிய, பல சமயம் தேவையில்லாத சிகிச்சைகளைச் செய்ததாகத் தெரிகிறது என்றது. நாடு முழுவதும் தடுப்புக்காவலில் இருந்தவர்கள் மகளிர் மருத்துவத்துக்குப் போன தடவைகளில் அவரிடம் போனவை சுமார் 6.5 விழுக்காடு. ஆனால் சில குறிப்பிட்ட சிகிச்சைகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் அவர் கையால் நடந்தவை! அவர் தரப்பு தவறை மறுத்தது. பெரிய பரபரப்பைத் தேடிக்கொண்டு போய் இந்தக் கணக்கை எல்லோரும் தவறவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

ரஃபி, புக்கிட் பாத்தோக்: அப்படியானால் அந்தத் தாதி சொன்னது பொய்தானே?

அவர் மருத்துவர் இல்லை, அறுவை அறையிலும் நின்றதில்லை. பெண்கள் தன்னிடம் சொன்னதைத்தான் சொன்னார். கொரோனாக் காலத்தில் நிலையம் நடந்துகொண்ட விதத்தையும் அவர் புகாரில் சேர்த்திருந்தார், அதை யாரும் நினைவில் வைக்கவில்லை. "என் வயிற்றில் என்ன செய்தார்கள் என்றே தெரியவில்லை" என்று பல பேர் ஒரே மாதிரி சொன்னால் நானும் மேலதிகாரிகளிடம் சொல்லத்தான் செய்வேன். ஆராய்வது மற்றவர்கள் வேலை.

கவிதா, செங்காங்: அந்தப் பெண்கள் சம்மதப் படிவத்தில் கையெழுத்து போட்டிருப்பார்களே. அப்புறம் என்ன குற்றம்?

இதற்குத்தான் நான் காத்திருந்தேன்.

எங்கள் வார்டில் ஒரு பாட்டி. மறுநாள் காலை அறுவை. மகன் படிவத்தை நீட்டி, "இங்க போடுங்கம்மா" என்றான். பாட்டி போட்டுவிட்டார். அவன் போன பிறகு படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, "பாட்டி, நாளைக்கு என்ன செய்யப் போறாங்க?" என்று கேட்டேன். "ஸ்கேன்தானே" என்றார். அந்தப் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரை மறுபடி வரவழைத்தேன். அன்றிலிருந்து யாரிடமும் "புரிஞ்சுதா?" என்று கேட்பதே இல்லை. தலையாட்டிவிடுவார்கள். "நீங்களே சொல்லுங்க பார்ப்போம்" என்பேன்.

இப்போது காவலர் வாசலில் நிற்க, மொழி தெரியாத இடத்தில், எப்போது ஊருக்கு அனுப்புவார்களோ என்ற பயத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளிடம் "கட்டி இருக்கிறது, எடுக்க வேண்டும்" என்றால் என்ன சொல்வாள்? சினைப்பையில் வரும் சாதாரண நீர்க்கட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிலக்கில் தானே கரைந்துவிடும். சில வாரங்கள் கழித்து மறுபடி ஸ்கேன் பார்ப்பதே வழக்கம். அந்தக் காத்திருப்பையும் சேர்த்து அவளிடம் சொன்னால்தான் அது சம்மதம்.

அந்தப் பெண்களுக்குப் போட்ட டெப்போ ஊசி பற்றியும் பேச்சு வந்தது. அது மூன்று மாதக் கருத்தடை ஊசி, ஆனால் அதிக ரத்தப்போக்குக்கும் தருவதுண்டு. ஊசி போட்டதாலேயே தப்பு என்று சொல்ல மாட்டேன். என்ன ஊசி என்று சொன்னார்களா என்பதுதான் கேள்வி.

முத்து, ஜூரோங்: அரசாங்கம் கவனிக்கவில்லையா?

சரியாகக் கவனிக்கவில்லை. போலிக் கட்டணப் புகாரில் அந்த மருத்துவர் தொடர்பான ஒரு வழக்கு 2015இல் 520,000 டாலருக்குச் சமரசமானது. தவறை ஒப்புக்கொள்ளாமல்தான் முடித்தார்கள். இருந்தும் அவரிடம் பெண்களை அனுப்பியவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. 2021 மே மாதம் அந்த நிலையத்துடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அரசு அறிவித்தது.

செல்வி, பூன் லே: அக்கா, எங்கள் வீட்டுப் பணிப்பெண் ஆந்திராவைச் சேர்ந்தவள். மாதவிலக்கில் துடிக்கிறாள். மருத்துவரிடம் நானும் உள்ளே போகட்டுமா?

அங்கே சிறை, இங்கே வீடு, ஒப்பிட முடியாது. ஆனால் நம் ஊரிலும் மொழி தெரியாமல் இன்னொருவர் பிடியில் இருப்பவள்தான் அவள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனையில் கர்ப்பமும் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும், அதனால் அடிவயிற்று வலி என்றாலே வேலை போய்விடுமோ என்று பயப்படலாம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் வாயே திறக்க மாட்டாள்.

வாசல் வரை போங்கள், பணத்தைக் கட்டுங்கள், வெளியே காத்திருங்கள். தெலுங்கு தெரிந்தவர் கிடைப்பாரா என்று முன்பதிவிலேயே கேட்டுப் பாருங்கள். முடிந்து வெளியே வந்ததும் "டாக்டர் என்ன சொன்னார்?" என்று துருவாதீர்கள். மாத்திரைப் பையை அவள் கையிலேயே விட்டுவிடுங்கள்.