கத்தோலிக்க அபிவிருத்தி நிறுவனத்தில் வேலை செய்த அப்பாவின் பழைய கோவைகள் வீட்டில் கிடக்கின்றன. எரித்துவிடலாமா?

எரிக்காதீர்கள். வீட்டை விற்கப்போகிறீர்கள், பெட்டியில் கறையான் ஏறிவிட்டது, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு மாதம் பொறுங்கள்.

நானும் யாழ்ப்பாணத்தில் அப்படியொரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவன். ஜெர்மனியின் மிசெரியோர், இங்கிலாந்தின் காஃபோட் போன்ற கத்தோலிக்க உதவி நிறுவனங்களுக்கு இங்கிருந்து திட்ட முன்மொழிவு போகும், காசு வரும், பிறகு அறிக்கையும் கணக்காய்வு முடிந்த கணக்கும் போகும். அவற்றின் பிரதிகளை அங்கே பத்திரப்படுத்துவார்கள். அயர்லாந்து ஆயர்கள் 1973இல் தொடங்கிய ட்ரோக்கரே என்ற உதவி நிறுவனத்தின் ஆவணங்கள் இன்று மேனூத் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஆனால் 'சுவாமி, ஒரு வலை கிடைத்தால் பிழைத்துக்கொள்வேன்' என்று கொப்பித்தாளில் எழுதி வந்த கடிதம் கடல் கடந்து போகாது. அதற்குப் பிரதியும் கிடையாது.

1995 ஒக்டோபர் 30. போருக்குப் பயந்து, யாழ்ப்பாண நகரமும் சேர்ந்த வலிகாமத்துச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் கிழக்கே தென்மராட்சிக்கு நகர்ந்த இரவு. என் சைக்கிள் கரியரில் ஓர் உரப்பைக்குத்தான் இடம். கணக்குப் புத்தகங்களை எடுத்தேன், விண்ணப்பங்களை விட்டேன். காசு விஷயத்தில் யாரும் என்னைக் கள்ளன் என்று சொல்லிவிடக் கூடாது என்ற பயம். செல்லடிக்குள் நின்று பார்க்காதவர்கள் இதற்குக் கீழே எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கந்தோர்க் கூரையில் ஓடு இல்லை. விண்ணப்பக் கட்டுகள் மழையில் ஊறிப் புற்றாகியிருந்தன.

2017இல் மயிலிட்டித் துறைமுகப் பகுதியை இராணுவம் விடுவித்த பிறகு ஓர் அக்கா தேடி வந்தார். 1990இல் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது, அவருடைய கணவருக்கு வலை கொடுத்திருந்தோம். விட்டுவந்த காணியின் பெயர், எல்லைகள், கிணற்றுப் பங்கு எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல அந்த விண்ணப்பப் படிவத்தை நிரப்பியவன் நான்தான். இப்போது காணி உறுதியும் இல்லை, கணவரும் இல்லை. நான் காப்பாற்றிய புத்தகத்தில் 'வலை 1' என்றும், பக்கத்தில் ஒரு பெருவிரல் அடையாளமும் இருந்தன. படிவம் காணி உறுதிக்கு ஈடாகாது என்று சட்டத்தரணிகள் பாய வேண்டாம், எனக்கும் தெரியும். விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) காட்ட ஒரு தாளாவது இருந்திருக்கும்.

இந்தக் கதையை ஆய்வு செய்ய வந்த எத்தனை பேருக்குச் சொன்னேன்! தேநீர் குடித்து, வடை தின்று, இரண்டு மணி நேரம் ஒலிப்பதிவு செய்துகொண்டு போவார்கள். எழுதியதில் ஒரு பிரதிகூட இதுவரை எனக்கு வந்ததில்லை. பட்டம் மட்டும் அவர்களுக்கு.

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். கோவைகள் சட்டப்படி நிறுவனத்துடையவை. முதலில் அவர்களிடம் கேளுங்கள். எண்ணிமப்படுத்த ஆளில்லை என்றால், ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேமிக்கும் 'நூலக நிறுவனம்' என்ற அமைப்பையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். 2005இலிருந்து இதே வேலையைச் செய்கிறார்கள். துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றுங்கள். உற்சாகத்தில் முகநூலில் போட்டுவிடாதீர்கள்: கைம்பெண்களும் நோயாளிகளும் சுவாமியாரை நம்பி எழுதியவை அவை. கையெழுத்துக் கடிதங்களை முதலில் எடுங்கள். கணக்குப் புத்தகங்கள் கடைசியில் போதும்.