குவித்துக் கிடக்கும் விறகில் கட்டை எவ்வளவு, காற்று எவ்வளவு?

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டுக் கொல்லையில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை ஆள் விட்டு வெட்டி, இரண்டடித் துண்டுகளாக நறுக்கிக் குவித்திருக்கிறோம். அடுக்கவில்லை, கொட்டியதுதான். விறகு வியாபாரி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, 'மூன்றரை டன் தேறும் ஆச்சி' என்று மொத்தமாக விலை பேசுகிறார். அப்பச்சி காலத்தில் எல்லாம் வண்டிக் கணக்கு, எனக்கு அதுவும் தெரியாது. தரையில் நீளம் 24 அடி, அகலம் 12 அடி. உச்சியிலிருந்து தரைக்கு டேப் விட்டதில் உயரம் 8 அடிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. இது எத்தனை டன் இருக்கும்?"

ஆச்சி, முதலில் அந்த 8 அடியை மறந்துவிடுங்கள். டேப்பைக் குவியலின் சரிவோடு சரிவாக விட்டிருக்கிறீர்கள். அது சரிவின் நீளம், உயரம் இல்லை. 12 அடி அகலக் குவியலில் சரிவு ஏழே முக்கால் அடி வந்தால் நிஜமான உயரம் 5 அடிதான். இந்த ஒரு தப்பிலேயே கணக்கு ஒன்றரை மடங்கு ஏறிவிடும். வியாபாரியிடம் அந்த எண்ணைச் சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்.

உயரம் பார்க்கக் கொத்தனாரிடம் இருக்கும் தண்ணீர் டியூப் போதும். டியூபின் ஒரு முனையை ஒருவர் குவியலின் முகட்டில் பிடிக்கட்டும். இன்னொருவர் வெளியே ஒரு மூங்கிலை நட்டு அதில் மறு முனையைப் பிடிக்கட்டும். முகட்டு மட்டத்துக்குத் தண்ணீர் நின்றதும் மூங்கிலில் ஒரு கோடு. கோட்டிலிருந்து தரை வரை அளந்தால் அதுதான் உயரம். கொல்லைத் தரை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் இரண்டு பக்கமும் அளந்து நடுவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வடிவம். கொட்டிய விறகு நாலு பக்கமும் சரிந்த ஓட்டுக்கூரை மாதிரி நிற்கும். அதனால் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி அப்படியே எடுக்கக் கூடாது. உங்கள் குவியலுக்கு அது 1,440 கன அடி காட்டும். பாதியாக்கினால் 720. பலரும் அதோடு விட்டுவிடுவார்கள், ஆனால் நீளவாக்கின் இரண்டு முனையும் சரிவாக இருப்பதால் அதுவும் அதிகம்தான். சரியான வழி இது: தரை நீளத்தை இரண்டால் பெருக்கி, மேலே முகடு ஓடுகிற நீளத்தைக் கூட்டுங்கள். அதை அகலத்தாலும் உயரத்தாலும் பெருக்கி 6-ஆல் வகுங்கள். முகட்டு நீளத்தை நீங்கள் எழுதவில்லை. 15 அடி என்று வைத்துக்கொள்கிறேன். 48-ம் 15-ம் 63. அதை 12-ஆலும் 5-ஆலும் பெருக்கினால் 3,780. ஆறால் வகுத்தால் 630 கன அடி. மணல், ஜல்லிக் கணக்கில் நூறு கன அடி ஒரு யூனிட், அப்படிச் சொன்னால் ஆறே கால் யூனிட்டுக்குச் சற்று மேல்.

முகட்டிலிருந்து அடிவரை ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். விறகு கயிற்றுக்கு மேல் பிதுங்கினால் கொஞ்சம் கூட்டலாம், உள்ளே குழிந்தால் குறைக்கலாம். நெல் அம்பாரம் போல வட்டமாகக் குவிந்திருந்தால் வேறு கணக்கு: சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 38-ஆல் வகுக்க வேண்டும்.

இப்போது கையில் இருப்பது குவியலின் கன அடி. விறகின் கன அடி இல்லை. மணலாக இருந்தால் இங்கேயே முடித்திருப்பேன். நேரான பிளந்த கட்டையை நெருக்கி அட்டி போட்டால் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு வரை மரம் இருக்கும், மிச்சம் காற்று. அதையே கொட்டினால் நாற்பது, நாற்பத்தைந்து. சீமைக்கருவேலமோ கோணலுக்கென்றே பிறந்த மரம். கொட்டிய குவியலில் மூன்றில் ஒரு பங்கு மரம் இருந்தாலே நல்ல குவியல் என்பேன். துண்டு குட்டையாகக் குட்டையாகக் கோணல் குறைந்து நெருக்கமாக விழும். நீங்கள் இரண்டடியில் நறுக்கியது நல்லதுதான்.

ஆனால் இந்தப் பொது எண்களை வைத்து விலை பேசாதீர்கள். உங்கள் குவியலையே கேட்டுவிடலாம். நாலு கம்பு நட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, 4 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி உயரத்துக்கு ஒரு கூண்டு போடுங்கள். உள்ளே 48 கன அடி. குவியலின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து, குவியலில் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே அதற்குள் போடச் சொல்லுங்கள். வேலை செய்கிற கைக்கு அடுக்கத்தான் தோன்றும், பக்கத்தில் நின்று தடுக்க வேண்டும். நிறைந்ததும் கட்டுக் கட்டாக எடுத்து, பழைய பேப்பர்க்காரர் வைத்திருக்கும் தொங்கு தராசில் நிறுங்கள். பதினைந்து, பதினாறு கட்டு வரும். ஒரு மணி நேர வேலை.

கூட்டியது 384 கிலோ என்று வையுங்கள். 48-ஆல் வகுத்தால் கன அடிக்கு 8 கிலோ. 630 கன அடிக்கு 5,040 கிலோ, அதாவது ஐந்து டன். அளவில் முன்னே பின்னே பத்தில் ஒரு பங்கு போனாலும் நாலரைக்குக் கீழே இறங்காது. உங்கள் தராசு வேறு எண் சொல்லலாம். சொல்கிற எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

தூர்க்கட்டைகளைத் தனியே பிரித்து நிறுப்பது நல்லது. காளவாசலுக்கு விறகு எடுத்த காலத்தில், பார்வைக்கு அம்சமாக நின்ற ஒரு குவியலைக் கண்மதிப்பில் வாங்கினேன். ஏற்றும்போது பார்த்தால் அடியில் நாலு தூர், வேரைப் பரப்பிக்கொண்டு குடை மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் மடியில் ஆள் படுக்கிற அளவுக்குக் காற்று. இப்படித் தூர் நடுவில் இருந்தால் கூண்டுக் கணக்கும் பொய் சொல்லும்.

தராசு போடும் நாளையும் யோசித்துக்கொள்ளுங்கள். பச்சை விறகின் எடையில் நூற்றுக்கு 40 பங்கு தண்ணீர் இருந்து, வெயிலில் காய்ந்து அது 15 பங்காக இறங்கினால் ஒரு டன் விறகு 700 கிலோதான் நிற்கும். கன அடி பெரிதாகக் குறையாது, குவியல் கொஞ்சம் அமுங்கும், அவ்வளவுதான். வெட்டி எத்தனை நாள் ஆனதென்று நீங்கள் எழுதவில்லை. எடை விலை பேசினால் கூண்டு போட்டு எடை பார்த்த அதே வாரத்தில் முடித்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்துப் பழைய எண்ணைச் சொன்னால் வியாபாரி ஒத்துக்கொள்ள மாட்டார், அது அவர் பக்கத்து நியாயம்.

இத்தனைக்கும் சுலபமான வழி, லாரியைக் காலியாக ஒரு தடவையும் ஏற்றிய பின் ஒரு தடவையும் எடைமேடையில் ஏற்றி இரண்டு சீட்டையும் வாங்குவது. அதற்கு அவர் சம்மதித்தால் டியூபும் வேண்டாம், கூண்டும் வேண்டாம். "எதுக்கு ஆச்சி அந்த அலைச்சல், மொத்தமாப் பேசிக்குவோம்" என்றால் கொல்லைக்குக் கூட்டிப்போய், கூண்டை அவர் கண்ணெதிரே இன்னொரு முறை நிரப்பிக் காட்டுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கூண்டில் போட்டு எடை பார்த்த விறகை அடுக்களைப் பக்கம் கொண்டுபோய்விடாமல் திரும்பக் குவியலிலேயே போடச் சொல்லுங்கள். அதுவும் அந்த 630-ல் சேர்த்திதான்.